படலை திறந்த ஒரு நாள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாசலில் சங்கடப்படலை என்று ஒன்று இருந்ததை மூத்த வாசகிகள் அறிவார்கள். படலைக்கு மேலே சின்னதாக ஒரு கூரை, இரு பக்கமும் இருந்து ஆறத் திண்ணை, ஓரமாக ஒரு தண்ணீர்ப் பானை. வெயிலில் வருகிற வழிப்போக்கர் யாரென்று கேளாமலே இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வீடு எங்களுடையதாக இருந்தாலும் வாசலில் ஊருக்கும் பங்கு உண்டு என்பதுதான் அந்தக் கூரையின் பொருள்.

கடல் கடந்து போய் இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டின் வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சங்கடப்படலைதான் ஞாபகத்திற்கு வந்தது.

2023ஆம் ஆண்டு தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகப் போயிருந்தேன். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். செப்ரெம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை தங்கை சொன்னாள்:

"அக்கா, வெளிக்கிடுங்கோ. இண்டைக்குப் பழைய வீடுகள் எல்லாம் திறந்து விடுவினம். காசும் இல்லை."

"ஆற்றயோ வீட்டை நாங்கள் போய்ப் பாக்கிறதோ? அவை என்ன நினைப்பினம்?" என்றேன்.

"அவைதான் வரச் சொல்லிக் கூப்பிடுகினம்" என்று சிரித்தாள்.

ஒரு மாதத்தில் திறக்கும் கதவுகள்

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஆண்டும் செப்ரெம்பர் மாதத்தில் பத்து நாள் அளவில் மரபுரிமைத் திறந்த நாட்கள் நடக்கின்றன. மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் வீடுகளும் மண்டபங்களும் அப்போது திறக்கப்படும். கட்டணம் வாங்கும் சில இடங்களும் அன்று இலவசமாக விடும். வழி காட்டுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

இந்த வழக்கம் பிரான்சில் 1984ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங், செப்ரெம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுக் கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் செய்தார். சனம் திரண்டு வந்தது. 1991ஆம் ஆண்டு ஐரோப்பியப் பேரவை அதை எல்லா நாடுகளுக்குமான நிகழ்வாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1994 முதல் நடக்கிறது. அரசர் குடும்பத்தின் மாளிகைக்கும் ஒரு கிராமத்து மாவாலைக்கும் அந்த நாட்களில் ஒரே மரியாதைதான்.

அறைக்குக் குறுக்கே ஒரு கயிறு

நாங்கள் போனது பக்கத்து ஊரிலிருந்த ஒரு செங்கல் வீடு. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றார்கள். வாசலில் வெள்ளைத் தலையுடன் ஒரு அம்மா நின்று எல்லோரையும் வரவேற்றார். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை, மிதியடியில் இரண்டு தரம் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பெரிய அறைகளுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம். கட்டில், கண்ணாடி, சுவர் நிறையப் படங்கள். மேசையில் தேநீர்க் கோப்பைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கோப்பைக்குள் போன தேயிலை எந்த மலையில் எந்தப் பெண்ணின் கை கிள்ளியதோ என்று நினைத்தேன். விசுவமடுவில் எங்கள் அயலட்டையில் பலர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அவர்களின் பாட்டிமார் கொழுந்து கிள்ளியவர்கள். இப்படிப் பட்ட வீடுகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இப்போது அந்த நாட்டவரே கேட்கிறார்கள். பழைய வீடுகளைப் பராமரிக்கும் நாஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு 2020ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93, அடிமை வாணிபத்தோடோ குடியேற்ற ஆட்சியோடோ தொடர்புடையவை என்று அதில் ஒப்புக்கொண்டது.

எனக்குப் பிடித்த இடம் குசினிதான். அங்கே சுவர் உயரத்தில் வரிசையாக மணிகள். ஒவ்வொரு மணிக்கும் கீழே ஒவ்வொரு அறையின் பெயர். மேலே கயிற்றை இழுத்தால் கீழே மணி அடிக்கும், வேலைக்காரப் பெண் ஓட வேண்டும். அவள் ஏறிப் போக வேறு படிக்கட்டு, ஒடுங்கலாக, இருட்டாக. வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வேலை நடக்க வேண்டுமாம். வீட்டுக்காரரின் படம் சுவரில் இருக்கிறது. அந்தப் படியில் ஆயிரம் தரம் ஏறி இறங்கியவளின் படம் எங்கும் இல்லை. கல்லுப் படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. அதுதான் அவளுடைய அடையாளம்.

முதலாம் உலகப் போரில் அந்த வீடு காயக்காரருக்கான வைத்தியசாலையாக இருந்தது என்று வழிகாட்டி அம்மா சொன்னார். நடனமாடிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டார்களாம். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்களே வைத்தியசாலையானதை நாங்கள் கண்டவர்கள். வாங்குகளை ஒதுக்கி வைத்துவிட்டு நிலத்தில் பாய் போட்ட அந்த வகுப்பறைகளை நினைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிலிங் கொடுத்துப் பார்த்த தோட்டங்கள்

பின்பக்கம் மதில் கட்டிய தோட்டம். சுவரோடு சேர்த்துப் படரவிட்ட அப்பிள், பெயார் மரங்கள். கோவா, கரட், பூசணி, வெங்காயம். பாத்தி கட்டிய ஒழுங்கைப் பார்த்ததும் ஐயாவின் நினைவு வந்தது. எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலத்தில், காடு வெட்டி எங்கள் காணியைத் தோட்டமாக்கியவர் அவர்.

தோட்டம் திறந்து காட்டும் வழக்கத்துக்கு அந்த நாட்டில் இன்னொரு கதை உண்டு. இது பெண்கள் அறிய வேண்டிய கதை. 1859ஆம் ஆண்டு லிவர்பூல் நகரத்தில் வில்லியம் ரத்போன் என்ற வணிகரின் மனைவி நோயில் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரைப் பராமரித்தவர் மேரி ரொபின்சன் என்ற தாதி. பணமுள்ள எங்களுக்கே இந்த உதவி இவ்வளவு ஆறுதல் என்றால் ஏழைகளின் நிலை என்ன என்று யோசித்த ரத்போன், அந்தத் தாதியையே ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கச் சம்பளம் கொடுத்து வைத்தார். வீடு தேடிப் போகும் தாதிமார் சேவை அப்படித்தான் அங்கே வேர்விட்டது.

பின்னாளில் அந்தச் சேவைக்குப் பணம் தேவைப்பட்டது. எல்சி வாக் என்ற பெண் ஒரு யோசனை சொன்னார்: நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்துவிடட்டும், பார்க்க வருபவர்கள் ஆளுக்கு ஒரு சிலிங் கொடுக்கட்டும். 1927ஆம் ஆண்டு 609 தோட்டங்கள் திறந்தன. 8,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. இன்றைக்கும் அந்தத் திட்டம் நடக்கிறது. பூவைப் பார்க்கக் கொடுத்த சிலிங், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியின் புண்ணுக்குக் கட்டுப் போட்டது.

பத்துப் பவுண் வீடு

பழைய வீடு என்றால் மாளிகைதான் என்று நானும் நினைத்திருந்தேன். நாஷனல் ட்ரஸ்ட் அமைப்பு 1895ஆம் ஆண்டு மூவரால் தொடங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் ஒக்ரேவியா ஹில் என்ற பெண்மணி. இலண்டனில் ஏழைகள் குடியிருந்த இடிந்த வீடுகளைப் பொறுப்பெடுத்துத் திருத்தி, நியாய வாடகைக்குக் கொடுத்து, வாடகை சேர்க்கும் பணிக்கும் பெண்களையே பழக்கியவர். ஏழைகளுக்கும் மூச்சு விட ஒரு பச்சை வெளி வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த அமைப்பு 1896ஆம் ஆண்டு வாங்கிய முதலாவது கட்டடம் மாளிகை அல்ல. சசெக்ஸ் பகுதியில் அல்பிரிஸ்ரன் என்ற கிராமத்தில் இருந்த, மரச்சட்டமும் வைக்கோல் கூரையுமான ஒரு பழைய குருமனை. விலை 10 பவுண். விழும் நிலையில் இருந்ததைத் தூக்கி நிறுத்தினார்கள். அதன் நிலம் சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பாலால் இறுக்கப்பட்டது. சாணத்தால் நிலம் மெழுகிய எங்கள் கைகளுக்கு இது விளங்காத காரியமா? எங்கள் அம்மம்மாவின் மண்வீடும் அந்த வீடும் ஒரே குலம்தான். அங்கே அதைக் காக்க ஒரு ஒக்ரேவியா இருந்தார்.

மகள் என்றபடியால்

அன்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி அம்மா சொன்ன இன்னொரு கதை என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

கென்ற் பகுதியில் நோல் என்று ஒரு மாபெரும் மாளிகை. அங்கே 1892ஆம் ஆண்டு ஒரேயொரு பிள்ளையாகப் பிறந்தவர் விற்றா சக்வில்-வெஸ்ற். பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர். அந்த வீட்டின் ஒவ்வொரு முற்றத்தையும் நேசித்தவர். 1928ஆம் ஆண்டு தந்தை இறந்தார். வீடு விற்றாவுக்கு வரவில்லை, சிறிய தந்தைக்குப் போனது. விற்றா பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆண் வாரிசுக்கே சேர வேண்டும் என்று அந்தச் சொத்து முன்னமே கட்டப்பட்டிருந்தது.

1930ஆம் ஆண்டு விற்றாவும் கணவரும் சிசிங்ஹேஸ்ற் என்ற இடத்தில் ஓர் இடிபாட்டை வாங்கினார்கள். ஏழாண்டுப் போர்க் காலத்தில் பிரெஞ்சுப் போர்க் கைதிகளை அடைத்து வைத்துச் சீரழிந்து, பிறகு பெரும்பகுதி இடிக்கப்பட்டு, ஒரு கோபுரமும் சில சுவர்களும் மிஞ்சிய இடம் அது. குப்பையை அள்ளி, பற்றையை வெட்டி, இடிந்த சுவர்களையே தோட்டத்தின் அறைகளாக்கினார்கள். 1938ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கட்டணம் ஒரு சிலிங். வருகிறவர்களுக்கு விற்றா அந்தச் சிலிங்கின் பெயராலேயே செல்லப்பெயர் வைத்தார். இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் அந்தத் தோட்டத்தைப் பார்க்கச் சனம் வருகிறது.

என் நித்திரை போனதற்குக் காரணம் சொல்கிறேன். விசுவமடுவில் எங்கள் காணி அரச காணி. ஐயாவின் பெயரில் அனுமதிப்பத்திரம். ஐயா 2004ஆம் ஆண்டு மோசம் போனார். பின்னுரித்தாளராக யாரையும் அவர் எழுதி வைக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அப்படி எழுதாத காணி மனைவியின் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும்போது மகனுக்கே முதலிடம். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை நான். எனக்கு இளையவன் தம்பி. அவன் 2009ஆம் ஆண்டிலிருந்து வீடு வரவில்லை. அவன் வருவான் என்று அம்மா இன்றும் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறா.

அம்மாவோடு இருந்து, காணி துப்புரவாக்கி, வீடு கட்டியவள் நான். ஆனால் தாளில் என் பெயர் எங்கும் இல்லை. இல்லாத தம்பியின் இடத்தை எடுக்கிறேன் என்ற குற்ற உணர்வால் நான் காணிக் கந்தோர்ப் பக்கமே போனதில்லை.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அரச காணியிலோ மகள் மகனுக்குப் பின்னால்தான் நின்றாள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அந்தப் பகுதி 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. மூத்த மகன் என்ற இடத்துக்கு மூத்த பிள்ளை வந்தது. இந்தச் செய்தி எனக்கு விசுவமடுவில் தெரியவில்லை. விற்றாவின் கதையைக் கேட்டு நான் அழுததைப் பார்த்துத் தங்கை தேடிச் சொன்னபோதுதான் தெரிந்தது.

சுவரில் எழுதிய பெயர்கள்

இன்னொரு தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்ன்வோல் பகுதியில் ஹெலிகன் என்ற பெருந்தோட்டம் இருந்தது. 1914ஆம் ஆண்டு போர் வந்தது. தோட்டக்காரப் பெடியள் போருக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. கவனிக்க ஆளின்றித் தோட்டத்தைப் பற்றையும் முள்ளும் மூடின. 1990ஆம் ஆண்டு அதைத் தேடி வெட்டித் திறந்தவர்கள், தோட்டக்காரரின் சின்னக் கழிவறைச் சுவரில் பென்சிலால் எழுதிய பெயர்களைக் கண்டார்கள். அவற்றோடு 1914 ஓகஸ்ட் என்று இருந்தது. அந்தப் பெயர்களுக்காகவே தோட்டத்தைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள். மாளிகைக்காரருக்காக அல்ல, மண் கொத்தியவர்களுக்காக.

அந்தச் செங்கல் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது வழிகாட்டி அம்மா என்னிடம் கேட்டார்: உங்கள் ஊரில் உங்கள் வீடும் பழையதா?

தங்கை மொழிபெயர்த்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 2009 தை மாதம் நாங்கள் விட்டு வந்த வீடு 2011இல் திரும்பிப் போனபோது இல்லை. கிணறும், ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும், குசினி இருந்த இடத்தில் கரி பிடித்த மூன்று கற்களும்தான் மிஞ்சியிருந்தன.

"வீடு இல்லை, கிணறு இருக்கு எண்டு சொல்லு" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: அந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள்?

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம்

ஊர் திரும்பி மூன்றாம் நாள் அம்மாவிடம் அதைக் கேட்டேன். அம்மா எழும்பிப் படலையடிக்குப் போனா. என் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டா.

"இஞ்ச வாங்கோ பிள்ளையள். இதிலதான் முதல் கொட்டில் போட்டனாங்கள். அப்ப யானை வரும். இரவிரவாத் தீவறை மூட்டிப்போட்டு இருப்பம். இஞ்சால தலைவாசல். இதில உங்கட மாமா தவண்டவன். இந்தக் கிணறு அப்பப்பாவும் பக்கத்து வளவுக் கந்தையா அண்ணரும் வெட்டினது, மண் அள்ளினது நான். உங்கட அம்மா அப்ப வயித்துக்கை."

பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த வளவில் ஓடி விளையாடியவர்கள், அன்றுதான் அதைப் பார்த்தார்கள். அந்தக் கிணற்றின் மண்ணை அம்மா அள்ளினா என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினோம். மூத்தவள் காணியின் படம் கீறினாள். வீடு இருந்த இடம், கிணறு, மாமரம், அழிந்துபோன பலா, தேசி, முருங்கை நின்ற இடங்கள். அம்மா சொல்லச் சொல்ல, யார் யார் எந்த வருடம் வந்தார்கள், எப்போது இடம்பெயர்ந்தோம், எப்போது திரும்பினோம் என்று குறித்தோம். தம்பியின் பெயரையும் எழுதினோம். அவன் நட்ட மாமரத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த கிழமை அந்தக் கொப்பியையும் அனுமதிப்பத்திரப் பிரதியையும் எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போனோம். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அலுவல் முடியக் காலம் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும். தம்பியின் இடத்தை நான் எடுக்கவில்லை, அவன் வந்தால் இருக்க ஒரு வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அம்மாதான் எனக்குச் சொல்லித் தேற்றினா.

சகோதரிகளே, உங்களிடமும் ஒரு கிணறாவது, ஒரு மரமாவது, மூன்று அடுப்புக் கல்லாவது இருக்கும். ஒரு நாளைக்குப் படலையைத் திறந்து உங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். உங்கள் காணியின் பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தனியே போகத் தயக்கமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

போன கிழமை பக்கத்து வளவுப் பிள்ளைகளும் எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். கந்தையா அண்ணரின் பேரப்பிள்ளைகள். தங்கள் அப்பப்பா வெட்டிய கிணறு என்று சொன்னதும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஒரு வாளி அள்ளி எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்தா.